லட்லோ: பிழைப்புப் போனதால் பிழைத்த சந்தையூர்

இங்கிலாந்தின் லட்லோ என்ற ஊரில், கோட்டை வாசலுக்கு முதுகைக் காட்டி நின்றால் எதிரே அகலமான ஒரு சதுக்கம். திங்கள், புதன், வெள்ளி, சனி என்று வாரத்தில் நான்கு நாள் அங்கே துணிக்கூரை கட்டிக் கடை விரிக்கிறார்கள். ரொட்டி, பாலாடைக்கட்டி, பூந்தொட்டி, பழைய பித்தளைச் சாமான் எல்லாம் கிடைக்கும். சதுக்கத்தைத் தாண்டிக் கிழக்கே கொஞ்ச தூரம் நடந்தால் அந்த அகலம் சட்டென்று காணாமல் போகிறது. குடை பிடித்த இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் குடையைச் சாய்க்க வேண்டிய அளவுக்குச் சந்துகள். அவற்றைத் தாண்டினால் மறுபடி தெரு விரிகிறது. அகலமாகத் தெரு போடத் தெரிந்தவர்கள் நடுவில் மட்டும் ஏன் இப்படி நெருக்கிக் கட்டினார்கள்?

அவர்கள் நெருக்கிக் கட்டவில்லை. கோட்டை வாசலிலிருந்து புல் ரிங் என்ற மாட்டுச் சந்தை முனைவரை ஒரு காலத்தில் ஒரே நீள மைதானம்தான் இருந்தது. காலையில் கொண்டுவந்து மாலையில் பிரிக்கும் தட்டுக்கடைகள் அதில் வரிசையாக நின்றன. தினமும் பிரித்துக் கட்டுவது சலித்துப்போய் ஒருவர் கடையை அப்படியே விட்டுவிட்டார். அடுத்தவர் நாலு கம்பு நட்டார், அவருக்கு அடுத்தவர் கூரை போட்டார். அப்புறம் மாடி வந்தது. நடைபாதை ஆக்கிரமிப்பு என்று இன்று நாம் சொல்வது 700 ஆண்டு கழித்துப் பாரம்பரியச் சின்னம் ஆகிவிட்டது, அவ்வளவுதான். மீன் தெரு, ஹார்ப் சந்து என்ற பெயர்களோடு இருக்கும் இந்த நடுப்பகுதி முழுக்க நிரந்தரமாகிப்போன தட்டுக்கடைகளே. வரைபடத்தில் மேலிருந்து பார்த்தால் சந்தையின் எலும்புக்கூடு அப்படியே தெரியும்.

ஷ்ராப்ஷயர் மாவட்டத்தின் தென்கோடியில், வேல்ஸ் எல்லையை ஒட்டி ஒரு குன்றின்மேல் இருக்கிறது லட்லோ. மக்கள்தொகை சுமார் 10,000. டீம் என்ற ஆறு தெற்கிலும் மேற்கிலும் வளைத்துக்கொண்டு ஓடுகிறது. 11ஆம் நூற்றாண்டின் கடைசியில் டி லேசி என்ற நார்மன் குடும்பம், வேல்ஸ்காரர்கள்மேல் ஒரு கண் வைத்திருக்க இங்கே கோட்டை கட்டியது. கோட்டை வந்த பிறகு ஊர் வந்தது. தானாக வளர்ந்த ஊர் அல்ல, மனை பிரித்து விற்ற ஊர். தெருப்பக்கம் குறுகலாகவும் பின்பக்கம் நீளமாகவும் மனைகளை அளந்து வாடகைக்கு விட்டார்கள். கடைமுகப்புக்குத்தான் மதிப்பு என்பதால் ஆளுக்குக் கொஞ்சம் முகப்பு, மீதியெல்லாம் கொல்லைப்புறம். இன்றைக்கும் பிராட் தெருவில் வீடுகள் அந்தக் கணக்கில்தான் நிற்கின்றன.

மார்க்கெட் டவுன் என்ற சொல்லை ‘சந்தை உள்ள ஊர்’ என்று எளிதாகக் கடந்துவிடலாம். அந்நாளில் அது ஒரு சட்ட உரிமை. யார் வேண்டுமானாலும் சந்தை கூட்டிவிட முடியாது. அரசரின் சாசனம் வேண்டும். சாசனம் கிடைத்த பிரபு, கடை போடுகிறவரிடம் சுங்கம் வசூலிக்கலாம், எடைக்கல்லைச் சோதிக்கலாம், ஏமாற்றியவருக்கு அபராதம் போடலாம். வெளியூர் வியாபாரியின் வழக்கை அன்றைக்கே தீர்த்து அனுப்ப ‘பைபவுடர்’ என்று ஒரு நீதிமன்றம் இருந்தது. பழைய பிரெஞ்சில் ‘தூசுபடிந்த கால்’ என்று அதற்குப் பொருள். நடந்து வந்தவன் கால் கழுவும் முன்னே தீர்ப்பு என்று வைத்துக்கொள்ளலாம்.

பக்கத்து ஊர்ச் சந்தை எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. ஒரு நாளில் மனிதன் 20 மைல் நடப்பான் என்று வைத்து, அந்த நாளை மூன்றாகப் பிரிக்கிறது 13ஆம் நூற்றாண்டுச் சட்ட நூல் ஒன்று: போக ஒரு பங்கு, வாங்கி விற்க ஒரு பங்கு, வெளிச்சம் இருக்கும்போதே வீடு திரும்ப ஒரு பங்கு. ஆக 6⅔ மைல், ஏறக்குறைய 11 கிலோமீட்டர். அதற்குள் புதிதாக ஒரு சந்தை முளைத்தால் பழைய சந்தைக்காரர் வழக்குப் போடலாம். இங்கிலாந்தின் கிராமப்புறத்தில் பேருந்தில் போகும்போது கொஞ்ச நேரத்துக்கு ஒரு சதுக்கமும் கடிகாரக் கோபுரமுமாக ஊர் வந்துகொண்டே இருப்பதற்குப் பின்னால் ஒரு விவசாயியின் கால்வலியும் ஒளிந்திருக்கிறது.

சந்தை என்றால் அளவில் ஏமாற்றுவதும் கூடவே வரும். அதற்கான தண்டனையை லட்லோவில் மரத்திலேயே செதுக்கி வைத்திருக்கிறார்கள். செயின்ட் லாரன்ஸ் தேவாலயத்தின் கோபுரம் 41 மீட்டர் உயரம். ஊருக்கு வெளியே எங்கிருந்து பார்த்தாலும் அதுதான் கண்ணில் படும். உள்ளே பாடகர் வரிசையில் மடக்கு இருக்கைகள் உண்டு. மணிக்கணக்காக நின்று பாடும் வயதான குருமார் கொஞ்சம் முட்டுக்கொடுத்துச் சாய்ந்துகொள்ள, இருக்கையின் அடிப்பக்கம் ஒரு சிறு திண்டு வைத்திருப்பார்கள். மிசரிகார்ட் என்று பெயர், கருணை என்ற பொருளில். இங்கே 28 இருக்கின்றன. கையில் விளக்கு இருந்தால் குனிந்து பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. பீர் விற்ற ஒரு பெண்ணைப் பேய் தோளில் தலைகீழாகத் தூக்கிப் போகிறது. உடம்பில் துணி இல்லை, தலைப்பாகை மட்டும் பத்திரமாக இருக்கிறது. ஏமாற்றி அளந்த குவளையைக் கை இன்னும் விடவில்லை. ஒரு பேய் சுருளைப் பிரித்து அவளுடைய குற்றப்பட்டியலை வாசிக்கிறது, இன்னொன்று பைக்குழல் ஊதி வழியனுப்புகிறது. ஓரத்தில் நரகம் வாயைப் பிளந்துகொண்டு தயாராக இருக்கிறது. குருமாரின் பின்புறத்துக்கு அடியில் இருக்கும் சிற்பம் என்பதால் செதுக்கியவருக்குச் சுதந்திரம் கிடைத்திருக்க வேண்டும். குறைத்து அளப்பது இந்த ஊரில் அவ்வளவு பெரிய பாவம் என்று இதை விடத் தெளிவாக எந்த சாசனமும் சொல்லவில்லை.

அன்றைய பெரும்பணம் பீரில் இல்லை, ஆட்டு ரோமத்தில் இருந்தது. எல்லைப்புற மேய்ச்சல் நிலங்களின் கம்பளி ஐரோப்பாவில் முதல் தரம் என்று பெயர் வாங்கியது. அந்த வியாபாரத்தில் கொழித்தவர் லாரன்ஸ் ஆஃப் லட்லோ. அரசர் முதலாம் எட்வர்டுக்கே கடன் கொடுக்கும் அளவுக்குப் பணக்காரர். ஊருக்கு வடக்கே 11 கிலோமீட்டரில் ஸ்டோக்சே என்ற இடத்தை வாங்கி, கோட்டை போல ஒரு வீடு கட்டினார். அதற்கான அரச அனுமதி 1291இல் கிடைத்தது. எல்லையில் கொஞ்சம் அமைதி வந்துவிட்ட நேரம் என்பதால் அது பாதி கோட்டை, பாதி வீடு. அம்பு விடும் கோபுரமும் உண்டு, வெளிச்சம் வரப் பெரிய ஜன்னலும் உண்டு. படையெடுத்து வருகிறவனுக்கு அந்த ஜன்னலே போதும். வியாபாரி ஒருவர் ‘நானும் பிரபுதான்’ என்று சொல்லிக்கொண்ட கட்டடம் இது. நான் பார்த்த ஆங்கிலக் கோட்டைகளில் இதுதான் மனிதன் குடியிருந்த இடம் போலத் தோன்றுகிறது.

லாரன்ஸின் முடிவும் கம்பளியால்தான். பிரெஞ்சுப் போருக்காக அரசர் கம்பளிமேல் கனமான வரி போட்டபோது வியாபாரிகள் சார்பில் பேசி ஒப்புக்கொண்டவர் அவர். வரி முழுக்க ஆடு வளர்த்தவர் தலையில் விழுந்தது. 1294இல் கம்பளி ஏற்றிய கப்பலோடு போனபோது கடலில் மூழ்கி இறந்தார். சாபம் பலித்தது என்று மடத்துத் துறவி ஒருவர் நாளாகமத்தில் எழுதி வைத்துவிட்டார். அந்த மடமும் ஆடு வளர்த்ததுதான்.

கம்பளிக்குப் பிறகு ஊரைத் தாங்கியது அதிகாரம். வேல்ஸையும் எல்லை மாவட்டங்களையும் ஆள 15ஆம் நூற்றாண்டில் ஒரு மன்றம் ஏற்பட்டு, அதன் தலைமையிடம் லட்லோ கோட்டையாக அமைந்தது. வழக்கறிஞர், குமாஸ்தா, மனுதாரர் கூட்டம் ஊரை நிறைத்தது. பட்டத்து இளவரசர்களை இங்கே அனுப்பி வளர்த்தார்கள். அவர்களுக்கு ஊர் ராசியாக இல்லை. 1483இல் தந்தை இறந்த செய்தி கேட்டு இங்கிருந்து லண்டன் கிளம்பிய 12 வயது ஐந்தாம் எட்வர்ட், முடிசூடாமலே லண்டன் கோட்டைக்குள் காணாமல் போனான். 1502 ஏப்ரலில், மணமாகிச் சில மாதங்களே ஆன இளவரசர் ஆர்தர் 15 வயதில் இங்கே நோயில் இறந்தார். அவருடைய மனைவி, அரகானின் கேத்தரின், பின்பு தம்பி எட்டாம் ஹென்றிக்கு மனைவியானார். அந்தத் திருமணத்தை ரத்து செய்ய போப் மறுத்ததில் இங்கிலாந்தின் சமயமே திசைமாறியது. இந்தச் சிற்றூரில் வந்த ஒரு காய்ச்சல் அவ்வளவு தூரம் போனது.

1689இல் மன்றத்தைக் கலைத்தார்கள். கோட்டை காலி. கூரையின் ஈயத்தை யார் யாரோ உரித்துக்கொண்டு போக, மழை இறங்கி உள்ளே மரம் முளைத்தது. ஊர் கொஞ்ச காலம் சுற்றுவட்டாரப் பண்ணையார்கள் குளிர்காலத்தைக் கழிக்கும் இடமாக இருந்தது. பிராட் தெருவின் செங்கல் முகப்புகள் அந்த 18ஆம் நூற்றாண்டுக் காசில் வந்தவை. முகப்பு மட்டும்தான், பல வீடுகளில் பக்கச் சந்து வழியாக எட்டிப் பார்த்தால் பழைய மரச்சட்டகம் தெரியும். பிறகு கையுறை தைத்தார்கள். 1826இல் வெளிநாட்டுக் கையுறைமேல் இருந்த தடை நீங்கியதும் பிரெஞ்சுக் கையுறையோடு போட்டி போட முடியவில்லை. 1852இல் ரயில் வந்தது, தொழிற்சாலை வரவில்லை.

பாரம்பரியத்தைப் போற்றியதால் இந்த ஊர் தப்பியது என்று சுற்றுலாக் கையேடுகள் எழுதுவதை என்னால் முழுதாக நம்ப முடியவில்லை. பர்மிங்காமிலும் மான்செஸ்டரிலும் பணம் வந்தது, பழையதை இடித்தார்கள். லட்லோவில் இடிக்கவும் காசு இல்லை. காசு இருந்த ஓர் ஆண்டில் என்ன செய்வார்கள் என்பதற்கும் சாட்சி இருந்தது: 1887இல் சதுக்கத்தின் நடுவே பெரிய செங்கல் சந்தைக்கூடம் ஒன்றை எழுப்பினார்கள். 1986இல் அது இடிக்கப்பட்டபோது அழுதவர் அதிகம் இல்லை. இன்று துணிக்கூரைகள் நிற்பது அந்தக் கூடம் இருந்த இடத்தில்தான். கட்டடம் போய்த் தட்டுக்கடை திரும்ப வந்திருக்கிறது.

இப்போதைய பிழைப்பு சாப்பாடு. 1995இல் உணவுத் திருவிழா தொடங்கியது. 2000ஆம் ஆண்டை ஒட்டி மிச்சலின் நட்சத்திரம் பெற்ற உணவகங்கள் மூன்று இந்தச் சிற்றூரில் இருந்தன. அவற்றில் ஒன்று 2007இல் லண்டனுக்குப் போய்விட்டது. ஊரின் பெயர் போகவில்லை. சந்தையில் எல்லாமே உள்ளூர்ச் சரக்கு என்று சொல்வார்கள், பெரும்பாலும் உண்மை. ஆரஞ்சு நிறத்தில் நீலம் ஓடிய ‘ஷ்ராப்ஷயர் ப்ளூ’ பாலாடைக்கட்டியை மட்டும் பெயரை நம்பி வாங்காதீர்கள். 1970களில் அது பிறந்தது ஸ்காட்லாந்தின் இன்வர்னெஸ் பக்கம். ருசிக்குக் குறைவில்லை.

லண்டனிலிருந்து நேர் ரயில் கிடையாது. ஷ்ரூஸ்பரியிலோ நியூபோர்ட்டிலோ மாறி வந்தால் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரே நாளில் வந்து திரும்புவது வீண். ஊரைப் பார்க்க ஒரு நாள், வெளியே நடக்க இன்னொரு நாளாவது வேண்டும். ஏனென்றால் சந்தையூரின் பாதி, ஊருக்கு வெளியேதான் இருக்கிறது.

ஆங்கிலக் கிராமப்புறத்தில் நடப்பதற்கு நம்மவர்கள் தயங்குவது எனக்குப் புரிகிறது. கண்ணுக்கு எட்டியவரை வேலி. எல்லாம் யாரோ ஒருவருடைய வயல். உள்ளே போனால் கேட்க மாட்டார்களா? மாட்டார்கள், பாதையில் இருக்கும்வரை. சந்தைக்கும் கோயிலுக்கும் ஆலைக்கும் தலைமுறை தலைமுறையாக மக்கள் நடந்த தடம் பொதுவழி. நிலம் கைமாறினாலும் வழி மாறாது. 20 ஆண்டு தடையில்லாமல் ஊர் நடந்திருந்தால் அது பொதுவழி என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். 1949இல் வந்த சட்டம் இவற்றை வரைபடத்தில் பதியச் சொன்னது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து இன்று ஏறக்குறைய 2,25,000 கிலோமீட்டர் இருக்கின்றன. வயலின் குறுக்கே போகும் நடைபாதையை உழுதாலும் ஒரு மீட்டர் அகலத்துக்கு விவசாயி மறுபடி சமன்படுத்தித் தர வேண்டும். மஞ்சள் அம்பு என்றால் நடப்பவருக்கு, நீல அம்பு என்றால் குதிரைக்கும் சைக்கிளுக்கும். காளை விஷயத்திலும் சட்டம் உண்டு: பால்மாட்டு இனத்துக் காளை பத்து மாதம் தாண்டிவிட்டால் பொதுவழி போகும் வயலில் விடக்கூடாது. மற்ற இனத்துக் காளை என்றால் கூடவே பசுக்கள் இருக்க வேண்டும், துணை இருந்தால் சாந்தமாக இருக்குமாம். எதிரே நிற்பது எந்த இனம் என்று எனக்கு எங்கே தெரியும்? அம்பைத் தவறவிட்டு ஒரு மாட்டு வயலுக்குள் போய் நின்றபோது, தூரத்திலிருந்து விவசாயி ஒருவர் சத்தமே போடாமல் கையை மட்டும் இடப்பக்கம் நீட்டினார். வேலியைத் தாண்டும் மரப்படி அங்கே இருந்தது.

இந்த நிலத்தை இயற்கை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. புல்வெளி ஆடு மேய்ந்து வந்தது, வேலிச்செடி நிலம் பங்கு போட்டபோது நட்டது. கிழக்கே தெரியும் டிட்டர்ஸ்டோன் கிளீ மலை, 533 மீட்டர், ஒரு காலத்தில் தொழிற்பேட்டை. நிலக்கரி தோண்டினார்கள், கருங்கல்லை உடைத்து ரயிலில் அனுப்பினார்கள். உச்சியில் கல்குவாரியின் சிதைந்த கான்கிரீட் இன்னும் நிற்கிறது, பக்கத்தில் வெள்ளைப் பந்து போல ரேடார் கூடுகள்.

ஊரின் தெற்கு எல்லையில் லட்ஃபோர்ட் பாலத்தைக் கடந்ததும் சாலையோரம் ஒரு பாறைச் சரிவு. காரில் போகிறவர்கள் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதில் பழுப்பாக ஓடும் மெல்லிய அடுக்கில் 42 கோடி ஆண்டுக்கு முந்தைய மீன்களின் செதிலும் முள்ளும் கெட்டித்துக் கிடக்கின்றன. நிலத்தில் முதன்முதலில் ஊர்ந்த உயிர்கள் சிலவற்றின் தடயமும் இங்கே கிடைத்தது. 1830களில் நிலவியலாளர் ராட்ரிக் மர்ச்சிசன் இந்தப் பக்கத்துப் பாறைகளைப் படித்துத்தான் சைலூரியன் காலம் என்று ஒன்றை வகுத்தார். அதன் ஒரு பகுதிக்கு உலகம் முழுக்கப் பெயரே லட்லோ. சீனாவில் பாறை ஆராய்கிறவரும் இந்தச் சந்தையூரின் பெயரைத்தான் எழுதியாக வேண்டும்.

பாறையிலிருந்து மேலே ஏறினால் விட்கிளிஃப் என்ற பொதுநிலம். மாலை வெயிலில் அங்கே உட்கார வேண்டும். கீழே ஆறு, தடுப்பணையில் தண்ணீர் விழும் சத்தம், எதிரே கோட்டை முழுதாக. சுற்றிலும் மரம் நட்டு நடைபாதை போட்டு ஒரு ஓவியம் போலப் பராமரித்திருக்கிறார்கள். இந்த இடத்தில் தமிழ் வாசகருக்கு ஒரு தகவல் பாக்கி இருக்கிறது.

ஆற்காட்டு முற்றுகையில் பெயர் எடுத்த ராபர்ட் கிளைவ் இந்த ஷ்ராப்ஷயர்காரர். இந்தியாவில் சேர்த்த செல்வத்தில் இங்கே நிலம் நிலமாக வாங்கினார். லட்லோவை ஒட்டிய ஓக்லி பார்க் பண்ணையும் அதில் ஒன்று. பக்கத்து பிராம்ஃபீல்டில் சாலையோர விடுதியின் பெயரில் இன்றும் கிளைவ் இருக்கிறார். நிலம் வந்ததும் வாக்கும் வந்தது. மகன் எட்வர்ட் கிளைவ் 1774 முதல் 20 ஆண்டு லட்லோவின் நாடாளுமன்ற உறுப்பினர். 1798 முதல் 1803 வரை அவர்தான் சென்னை மாகாண ஆளுநர். திப்பு வீழ்ந்தது, கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டது, மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டது எல்லாம் அந்த ஐந்து ஆண்டுக்குள். எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, கருணாநிதி மூவரின் உடலும் அஞ்சலிக்கு வைக்கப்பட்ட ராஜாஜி மண்டபம், மைசூர் வெற்றியைக் கொண்டாட அவர் காலத்தில் கட்டிய விருந்து மண்டபம்தான். மனைவி ஹென்ரியட்டா 1800இல் இரண்டு மகள்களோடு மைசூர், கோயம்புத்தூர், திருச்சி, தஞ்சாவூர் என்று மாதக்கணக்கில் சுற்றி, பொருள்கள் சேர்த்துக்கொண்டு ஊர் திரும்பினார். திப்புவின் பூப்போட்ட கூடாரம் இன்று வடமேற்கே வேல்ஸ் எல்லைக்குள், போவிஸ் மாளிகையில் இருக்கிறது.

ஊர் திரும்பிய எட்வர்ட் 1804இல் போவிஸ் பிரபு ஆனார். 1811இல் லட்லோ கோட்டையை அரசிடமிருந்து விலைக்கு வாங்கினார். கோட்டை இன்றும் போவிஸ் பண்ணை அறங்காவலர்கள் வசம்தான். காலையில் சதுக்கத்தின் முனையில் நான் வாங்கிய நுழைவுச்சீட்டின் காசும் அங்கேதான் போகிறது.